நிலம் எடுக்க நோட்டீஸ் வந்துருச்சு: எழுதிக் கொடுக்குறதா, வாங்கிட்டு வழக்கு போடுறதா, எடுக்கவே விடக்கூடாதுன்னு நிக்கிறதா?

கடந்த ரெண்டு மாசத்துல நாலு குடும்பம் இதே விஷயமா என்கிட்ட வந்தாங்க. ஒருத்தர் கையில 3(2) நோட்டீஸ், ஒருத்தர்கிட்ட நேஷனல் ஹைவேஸ் ரோட்டுக்கு வந்த பேப்பர் விளம்பரம் கட்டிங், ஒரு அம்மாவுக்கு அவார்டே (இழப்பீடு எவ்ளோன்னு முடிவு பண்ற உத்தரவு) போட்டாச்சு, பணம் வாங்க வரச்சொல்லி நாள் குறிச்சு அனுப்பியிருக்காங்க. இந்த மூணு பேரும் கேட்டது ஒண்ணுதான், "கொடுத்துடலாமா, இல்ல கேஸ் போடலாமா?" கொடுக்குறதும் கேஸ் போடுறதும் எதிரெதிர்னு நினைக்கிறதுலதான் பாதி பேர் ஏமாந்து போறாங்க. பணத்தையும் வாங்கிக்கிட்டு, இது பத்தாதுன்னு கேஸும் போடலாம், சட்டமே அதுக்கு இடம் கொடுக்குது. நான் பார்த்த வரைக்கும் முக்கால்வாசி குடும்பத்துக்கு அதுதான் சரியான வழி. ஆனா எல்லாருக்கும் இல்ல, அதனாலதான் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கணும்.

எனக்கு இது வெறும் சட்ட விஷயம் இல்ல. எங்க பெரியப்பாவோட ஒண்ணேகால் ஏக்கர் 2016-ல ஒரு வாய்க்கால் வேலைக்குப் போச்சு. பணம் கொடுத்த அன்னிக்கு ஆபீஸ்ல நீட்டின ரசீதுல கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டாரு. "ஆட்சேபணையோட வாங்கிக்கிறேன்"னு ஒரு வரி எழுதணும்னு அவருக்குத் தெரியாது, அங்க யாரும் சொல்லவும் இல்ல. பக்கத்து காட்டுக்காரர் அந்த வரிய எழுதிட்டு வாங்கினாரு, கோர்ட்ல அவருக்கு ஏத்திக் கொடுத்தாங்க. ஒரே மண்ணு, ஒரே கிணத்துப் பாசனம், நடுவுல ஒரு வரப்புதான். பக்கத்தவருக்கு தீர்ப்பு வந்த பிறகும் பெரியப்பாவுக்கு ஒரு கடைசி வாய்ப்பு இருந்துச்சு, மூணு மாசம் டைம், அதுவும் முடிஞ்ச பிறகுதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. அந்த வாய்ப்பு என்னன்னு கீழ சொல்றேன்.

## முதல்ல எந்த சட்டம்னு பாருங்க

நோட்டீஸ்ல பிரிவு நம்பர் இருக்கும், அதை வெச்சுத்தான் எல்லாமே. தமிழ்நாட்டுல இப்போ பெரும்பாலும் மூணு வகையில எடுக்குறாங்க.

ஒண்ணு, நிலம் எடுக்குறதுக்கான 2013 மத்திய சட்டம், 2014 ஜனவரி 1-ல இருந்து அமல்ல இருக்கு. இதுல 11-ம் பிரிவு அறிவிக்கை வந்தா 60 நாளுக்குள்ள ஆட்சேபணை கொடுக்கலாம், 19-ம் பிரிவுல உறுதி அறிவிப்பு வரும், அதுக்கப்புறம் 12 மாசத்துக்குள்ள அவார்டு போடணும், போடலைன்னா அரசு டைம் நீட்டிச்சாதான் உண்டு.

ரெண்டு, மாநில சட்டங்கள். சிப்காட் மாதிரி தொழில் நோக்கத்துக்கு 1997 சட்டம், மாநில நெடுஞ்சாலைக்கு 2001 சட்டம். மேல சொன்ன 3(2) நோட்டீஸ் அந்த 1997 சட்டத்தோடது, பரந்தூர் ஏர்போர்ட்டுக்கும் அதுலதான் எடுக்குறாங்க. இந்த சட்டங்களை 2013 சட்டத்துல இருந்து விலக்கி வெச்ச 105ஏ பிரிவு விவகாரத்துல 2019 ஜூலையில சென்னை ஹைகோர்ட் அரசுக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு, உடனே சட்டசபையில புது சட்டம் போட்டு ஜனாதிபதி ஒப்புதல் வாங்கினாங்க, 2021 ஜூன் 29-ல சுப்ரீம் கோர்ட் அது செல்லும்னு சொல்லிடுச்சு. நமக்கு இதனால என்னன்னா, இழப்பீடு கணக்கு 2013 சட்டத்தோட அட்டவணைப்படிதான் வரும், ஆனா சமூகத் தாக்க மதிப்பீடு மாதிரி பாதுகாப்பெல்லாம் இந்த வழியில கிடைக்காது. இன்னொரு பெரிய வித்தியாசம், 1997 சட்டத்துல 3(1) அறிவிப்பு கெசட்ல வந்த அன்னிக்கே நிலம் அரசுக்குப் போயிடுது, பணம் பின்னாடிதான். அதனால 3(2) நோட்டீஸுக்கு பதில் எழுதுறதை லேசா எடுத்துக்காதீங்க.

மூணு, 1956 நேஷனல் ஹைவேஸ் சட்டம். 3ஏ அறிவிக்கை வந்து 21 நாள்தான் ஆட்சேபணைக்கு. 3டி வந்தாச்சுன்னா நிலம் மத்திய அரசோடது. தொகை பத்தலைன்னா கோர்ட்டுக்கு நேரா போக முடியாது, 3ஜி(5)-படி ஆர்பிட்ரேட்டர்கிட்டதான் (நடுவர்) போகணும், நம்ம ஊர்ல அது பெரும்பாலும் மாவட்ட கலெக்டர்.

எரிவாயு குழாயும் கரண்ட் டவரும் வேற கதை, அதுல நிலம் உங்க பேர்லயே இருக்கும், உபயோக உரிமையைத்தான் எடுப்பாங்க. அதை இதோட குழப்பிக்க வேண்டாம்.

## எதை வெச்சு முடிவு பண்றது

எந்த வழின்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி வீட்ல எல்லாரும் உக்காந்து இந்த ஆறு கேள்விக்கும் பதில் எழுதுங்க, பேப்பர்ல எழுதுங்க, வாயால பேசினா சண்டைதான் வரும்.

- மொத்தமா கைக்கு எவ்ளோ வரும்?
- எப்போ வரும், அதுவரைக்கும் வீட்டை ஓட்ட வழி இருக்கா?
- பத்திரம், பட்டா, வாரிசு எல்லாம் சுத்தமா இருக்கா?
- வெளிய தெரியாத செலவு என்னென்ன?
- நிலமே திரும்பக் கிடைக்க நிஜமாவே வாய்ப்பு இருக்கா?
- இந்த வழியில போனா எந்தக் கதவு நிரந்தரமா மூடும்?

கடைசி கேள்வியைத்தான் யாரும் கேக்குறது இல்ல. பெரியப்பா விஷயத்துல நாங்களும் கேக்கல.

## பணம் எப்படி கணக்காகுது

இது தெரியாம எந்த ஆஃபர் நல்லது கெட்டதுன்னு சொல்லவே முடியாது. 2013 சட்டத்தோட 26-ம் பிரிவுப்படி வழிகாட்டி மதிப்பு ஒண்ணு, பக்கத்துல கடைசி மூணு வருஷம் பதிவான அதே மாதிரி நிலத்தோட கிரயப் பத்திரங்கள்ல அதிக விலை இருக்குற பாதியோட சராசரி ஒண்ணு, இதுல எது அதிகமோ அதைத்தான் சந்தை மதிப்பா எடுக்கணும். பத்து பத்திரம் இருந்தா விலை கூடின அஞ்சோட சராசரி. கிராமப்புறம்னா அதை 1-ல இருந்து 2 வரைக்கும் ஒரு எண்ணால பெருக்குவாங்க, டவுன்ல இருந்து தூரத்தை வெச்சு மாநில அரசு அதை முடிவு பண்ணும். அதோட வீடு, கிணறு, போர், மரம், பயிர் மதிப்பைக் கூட்டி, வர்ற மொத்தத்துக்கு சமமா இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை. அது போக சந்தை மதிப்புக்கு வருஷத்துக்கு 12 சதவீதம் தனியா.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். வழிகாட்டி மதிப்பு ஏக்கருக்கு 10 லட்சம், பத்திர சராசரி 14 லட்சம், பெருக்கு எண் 1.25, கிணறும் தென்னையும் சேர்த்து 2 லட்சம். 14-ஐ 1.25-ஆல பெருக்கினா 17.5, அதோட 2 சேர்த்தா 19.5, இன்னொரு மடங்கு சேர்ந்தா 39 லட்சம். இதே கணக்கை 10 லட்சத்துல ஆரம்பிச்சா 29 லட்சம்தான். அடிப்படை விலையில 4 லட்சம் குறைஞ்சா முடிவுல 10 லட்சம் போகுது. சண்டை போட வேண்டிய இடம் இந்த அடிப்படை விலைதான், மத்ததெல்லாம் அதுக்கு பின்னாடி தானா வரும்.

இங்க ஒரு வருத்தமான விஷயம் சொல்லணும். முத்திரைத்தாள் செலவு மிச்சம்னு ஊர்ல எல்லாரும் 20 லட்சத்துக்கு வாங்கிட்டு 6 லட்சம்னு பத்திரம் போட்டிருப்போம், 2017 ஜூன்ல வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைச்சப்போ ஊரே சந்தோஷப்பட்டுச்சு, ஆனா அந்தக் குறைஞ்ச நம்பர்தான் நிலம் எடுக்கும்போது நம்ம கழுத்துக்கு வந்து நிக்குது. பதிவான விலையைத்தான் அதிகாரி பார்ப்பாரு, பேசின விலையை இல்ல. இனிமே அதை மாத்த முடியாது, ஆனா சுத்துப்பட்டு ஊர்ல பேங்க் லோன் வாங்கி முழு விலைக்குப் பத்திரம் போட்டவங்க சில பேராவது இருப்பாங்க, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து அந்தப் பத்திர நகலை அவார்டுக்கு முன்னாடியே விசாரணையில எழுத்து மூலமா கொடுத்துடுங்க. எந்த வழியில போனாலும் இந்த ஒரு வேலை வீண் போகாது. கோர்ட்ல இதே பத்திரத்தைக் காட்டும்போது, அது சின்ன மனைன்னா, பெரிய நிலத்தோட ஒப்பிடுறதுக்கு மூணுல ஒரு பங்கு, சில வழக்குல அதுக்கு மேலயும்கூட கழிப்பாங்க, அதனால விவசாய நிலப் பத்திரமா தேடுங்க.

## வழி 1: பேசி முடிச்சு கிரயம் எழுதிக் கொடுக்குறது

தனியார் பேச்சுவார்த்தைன்னு சொல்லுவாங்க. கலெக்டர் தலைமையில கமிட்டி உக்காந்து ஒரு விலை பேசும், ஒத்துக்கிட்டா சப் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல அரசு பேருக்கு பத்திரம், பணம் அக்கவுண்ட்டுக்கு. மாநில சட்டங்கள்லயும் பேசி ஒத்துக்கிட்ட தொகைன்னு ஒரு பிரிவே இருக்கு.

இதோட பலம் வேகம். கடன் கழுத்தை நெரிக்குது, பொண்ணு கல்யாணம் நிக்குது, வயசானவங்க மட்டும் ஊர்ல இருக்காங்க, பசங்க வெளியூர்ல, இப்படி இருக்குற குடும்பத்துக்கு பத்து வருஷம் கழிச்சு வர்ற கூடுதல் பணத்தை விட இப்போ வர்ற பணம் பெருசு, அதை நான் தப்பே சொல்ல மாட்டேன். அதுவும் பேசுற விலை மேல போட்ட கணக்கை விட கூடவே வருதுன்னா யோசிக்காம முடிச்சுக்கலாம். ஆபீஸருங்களுக்கும் வேலை சீக்கிரம் ஆகணும்ங்கறதால சில திட்டங்கள்ல சட்டக் கணக்கை விட ஏத்தித்தான் பேசுவாங்க. பேசுறப்போ தனியாப் போகாதீங்க, பத்து பட்டாக்காரங்க சேர்ந்து போனா விலை வேற மாதிரி வரும்.

இப்போ மறைஞ்சிருக்குற விலை. பேசுற தொகை எல்லாம் அடங்கினது, ஆறுதல் தொகை, 12 சதவீதம், மரம், கிணறு எல்லாம் அதுக்குள்ளதான், அதனால "ஏக்கருக்கு 30 லட்சம்"னு கேட்டதும் அசந்துடாம 39-ஓட வெச்சுப் பாருங்க. கையெழுத்துப் போட்டா கூடுதல் கேக்குற உரிமை போச்சு, கோர்ட்டுக்குப் போக மாட்டேன்னு எழுதியும் வாங்குவாங்க. நாளைக்கு பக்கத்து நிலத்துக்கு கோர்ட் ரெண்டு மடங்கு கொடுத்தாலும் உங்களுக்கு சம்பந்தம் இல்ல. 2013 சட்டத்துல எடுத்த நிலத்தை அஞ்சு வருஷம் பயன்படுத்தாம போட்டா திருப்பிக் கொடுக்கணும் இல்ல நில வங்கிக்குப் போகணும்னு 101-ம் பிரிவு இருக்கு, கிரயம் எழுதிக் கொடுத்தவங்க அதைக் கேட்டு நிக்க முடியாது. மறுவாழ்வு உதவிகளும் தானா வராது, கேட்டு ஒப்பந்தத்துல எழுத வைக்கணும்.

வரி விஷயமும் பாருங்க. 2013 சட்டத்தோட 96-ம் பிரிவு அந்த சட்டப்படி வர்ற அவார்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் வருமான வரி இல்லைங்குது, வருமான வரித்துறையே 2016 அக்டோபர்ல ஒரு சுற்றறிக்கையில அதை உறுதி பண்ணியிருக்கு. ஆனா உங்க கிரயம் அந்த சட்டத்துக்குள்ள வருதா, வெறும் விற்பனையா பார்ப்பாங்களான்னு கையெழுத்துக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர்கிட்ட காட்டிடுங்க, டவுனை ஒட்டின நிலம்னா கண்டிப்பா காட்டணும்.

அப்புறம் பட்டா. கிரயம்னா எல்லா பங்குதாரரும் கையெழுத்து போடணும். கூட்டுப் பட்டா, தாத்தா பேர்லயே இருக்குற பத்திரம், கல்யாணமாகிப் போன அத்தைக்கு பங்கு கொடுக்காதது, இதுல ஒண்ணு இருந்தாலும் இந்த வழி உங்களுக்கு வேகமான வழி இல்ல.

## வழி 2: அவார்டு பணத்தை ஆட்சேபணையோட வாங்கிட்டு கூடுதலுக்கு கேஸ்

2013 சட்டத்துல 77-ம் பிரிவு தெளிவா சொல்லுது, தொகை பத்தாதுன்னு எதிர்ப்பு தெரிவிச்சுட்டு பணத்தை வாங்கிக்கலாம், எதிர்ப்பு தெரிவிக்காம வாங்கினவங்க 64-ம் பிரிவுல கூடுதல் கேட்டு மனு போட முடியாது. பெரியப்பா விழுந்த குழி இதுதான். மனுவை டைமுக்குப் போட்டதையே எதிர்ப்பா எடுத்துக்கிட்டு கோர்ட் சில வழக்குல இரக்கம் காட்டியிருக்கு, அதை நம்பி இருக்காதீங்க. ரசீதுல உங்க கையெழுத்துக்கு மேலயே "இழப்பீட்டுத் தொகை போதாது என்ற ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்"னு எழுதுங்க, அதுக்கு முந்தின நாளே இதே வாசகத்தோட ஒரு கடிதம் ரிஜிஸ்டர் போஸ்ட்ல தனி தாசில்தாருக்கு அனுப்பி அந்த ரசீதை பத்திரமா வெச்சுக்கோங்க. ஃபார்ம்ல இடம் இல்லைன்னு சொன்னா மார்ஜின்ல எழுதுங்க. எழுத விடலைன்னா பணம் வாங்காம வந்து கடிதம் அனுப்புங்க, ஒரு வாரம் லேட்டானாலும் பரவாயில்ல.

டைம் ரொம்ப முக்கியம். அவார்டு போடும்போது நீங்களோ உங்க ஆளோ இருந்திருந்தா அந்த தேதியில இருந்து 6 வாரம். இல்லைன்னா அவார்டு நோட்டீஸ் கைக்கு வந்து 6 வாரம் இல்ல அவார்டு தேதியில இருந்து 6 மாசம், எது முதல்ல முடியுதோ அது. தகுந்த காரணம் இருந்தா கலெக்டர் இன்னும் ஒரு வருஷம் வரைக்கும் ஏத்துக்கலாம், ஆனா அது அவர் மனசு. மனு வந்த 30 நாளுக்குள்ள அவர் இந்த இழப்பீட்டு வழக்கை விசாரிக்கிற அத்தாரிட்டிக்கு அனுப்பணும், அனுப்பலைன்னா நீங்களே அத்தாரிட்டிகிட்ட போகலாம். அங்க ஆறு மாசத்துல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடைமுறையில வருஷக்கணக்கா ஓடும். திருப்தி இல்லைன்னா 60 நாளுக்குள்ள ஹைகோர்ட்.

இழுத்தடிச்சாலும் ஏன் இது நல்லதுன்னு சொல்றேன்னா, மொதல் தொகை கையில வந்துருச்சு, அதுல நீங்க வேற நிலம் வாங்கியிருப்பீங்க. கூடுதலா கிடைக்கிற தொகைக்கு நிலத்தை எடுத்த நாள்ல இருந்து முதல் வருஷம் 9 சதவீதம், அதுக்கப்புறம் 15 சதவீதம் வட்டி போட இடம் இருக்கு. அடிப்படை விலை ஏறினா ஆறுதல் தொகையும் சேர்ந்தே ஏறும். தனி ஆளா கேஸ் நடத்துறதை விட ஊர்க்காரங்க ஒரே வக்கீலை வெச்சா செலவு ரொம்பக் குறையும்.

செலவுன்னு பார்த்தா வக்கீல் ஃபீஸ், மதிப்பீட்டாளர் ரிப்போர்ட், பத்திர நகல், அலைச்சல். ஹைகோர்ட்டுக்குப் போனா நீங்க கூடுதலா கேக்குற தொகையை வெச்சு கோர்ட் ஃபீஸ் கட்டணும், அதனால மனசுக்குத் தோணின நம்பரை போடாதீங்க. "ஃபீஸே வேணாம், ஜெயிச்சா 20 பர்சன்ட்"னு சொல்ற வக்கீல்கிட்ட ஜாக்கிரதை, ஜெயிக்கிற தொகையில பங்கு கேக்குறதை பார் கவுன்சில் விதியே தடை பண்ணியிருக்கு, அதுக்குன்னு கையெழுத்து போட்ட வெத்து செக்கும் கொடுத்துடாதீங்க. கூடுதல் இழப்பீட்டுக்கு வர்ற வட்டியை வருமான வரியில தனி வருமானமா பார்ப்பாங்க, அதுல பாதி கழிவு உண்டு.

இனி அந்தக் கடைசி வாய்ப்பு. 73-ம் பிரிவு. ஒரே அறிவிக்கையில எடுத்த நிலத்துல யாராவது ஒருத்தருக்கு அத்தாரிட்டி ஏத்திக் கொடுத்தா, மனுவே போடாத மத்தவங்களும் அந்தத் தீர்ப்பு தேதியில இருந்து மூணு மாசத்துக்குள்ள கலெக்டர்கிட்ட எழுதிக் கேட்டா அதே விலைப்படி மறுபடி கணக்கு போடணும். தீர்ப்பு நகல் வாங்குற நாளை அந்த மூணு மாசத்துல இருந்து கழிச்சுக்கலாம். பழைய 1894 சட்டத்துல இருந்த இதே மாதிரி பிரிவைப் பத்தி சுப்ரீம் கோர்ட் 2002-ல என்ன சொல்லுச்சுன்னா, பணத்தை எதிர்ப்போட வாங்கினாரா எதிர்ப்பில்லாம வாங்கினாரான்னு பார்க்கவே தேவையில்ல. அதாவது ரசீதுல அந்த வரியை விட்ட பெரியப்பா மாதிரி ஆளுங்களுக்காகவே இருக்குற கதவு. ஊர்ல யார் கேஸ் போட்டிருக்காங்க, எந்தக் கோர்ட், எந்த நம்பர்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு மாசம் ஒரு தடவை ஈகோர்ட்ஸ் ஆப்ல பார்த்தா போதும். நாங்க பார்க்கல. பக்கத்து காட்டுக்காரர் தீர்ப்பு வந்து அஞ்சாவது மாசம் ஒரு துக்க வீட்ல பேச்சுவாக்குல சொன்னாரு.

நேஷனல் ஹைவேஸ்ல இந்த வழி கொஞ்சம் கரடுமுரடு. 73 மாதிரி ஒரு பிரிவு அந்த சட்டத்துல எழுதப்படல. ஆர்பிட்ரேட்டர் ஏத்தலைன்னா மாவட்ட கோர்ட்டுக்கு ஆர்பிட்ரேஷன் சட்டத்தோட 34-ம் பிரிவுல மூணு மாசத்துக்குள்ள போகணும், அதுக்கு மேல 30 நாள்தான் மன்னிப்பு, அப்புறம் ஒரு நாள் தாண்டினாலும் கிடையாது. அந்தக் கோர்ட் தொகையை ஏத்த முடியாது, அவார்டை ரத்து பண்ணி திருப்பி அனுப்பத்தான் முடியும்னு 2021 ஜூலை 20-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது நம்ம தமிழ்நாட்டு நிலக்காரங்க வழக்குலதான், அவங்களுக்கு ஏத்தின தொகையில மட்டும் நியாயம் கருதி கை வைக்கல. 2025 ஏப்ரல் 30-ல அஞ்சு நீதிபதி பெஞ்ச் சில குறுகிய சூழ்நிலையில மாத்தலாம்னு கொஞ்சம் வழி விட்டிருக்கு. ஆனாலும் என்எச் நிலம்னா ஆர்பிட்ரேட்டர் முன்னாடியே எல்லா பத்திரத்தையும் கொட்டிடணும், மேல போய் பார்த்துக்கலாம்னு எதையும் கையில வெச்சுக்காதீங்க. 1997-க்கும் 2015-க்கும் நடுவுல என்எச் ரோட்டுக்கு நிலம் கொடுத்து ஆறுதல் தொகை வராதவங்க இருந்தா, 2019 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் அவங்களுக்கும் உண்டுன்னு சொல்லியிருக்கு, 2025 பிப்ரவரியில அதை மறுபடி உறுதியும் பண்ணிருச்சு, பழைய ஃபைலை எடுத்து ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க.

## வழி 3: கையகப்படுத்துறதையே எதிர்த்து ஹைகோர்ட்ல ரிட்

சொத்துரிமை இப்போ அடிப்படை உரிமை இல்ல, 1978-ல 44-வது திருத்தத்துல எடுத்துட்டாங்க, 300ஏ-ன்னு அரசியல் சட்ட உரிமையா இருக்கு. 2024 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அந்த 300ஏ-க்குள்ள ஏழு உரிமை இருக்குன்னு பட்டியலே போட்டுச்சு: நோட்டீஸ், ஆட்சேபணையைக் கேக்குறது, காரணத்தோட முடிவு சொல்றது, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு, ஒழுங்கா காலத்துக்குள்ள நடத்துறது, முறையா முடிக்கிறது. ரிட்ல, அதாவது அரசு செஞ்சது சட்டப்படி செல்லாதுன்னு ஹைகோர்ட்ல நேரா போடுற மனுவுல, ஜெயிக்கணும்னா இதுல ஏதாவது ஒண்ணை மீறினதுக்கு கையில ஆதாரம் வேணும். ஆட்சேபணை கொடுத்தேன், விசாரணைக்கே கூப்பிடல. செத்துப்போன தாத்தா பேருக்கு நோட்டீஸ் விட்டிருக்காங்க. காலக்கெடு தாண்டி அறிவிப்பு போட்டிருக்காங்க, இப்படி. "எங்க வாழ்வாதாரம் போகுது"ங்கறது நூத்துக்கு நூறு உண்மை, ஆனா அது மட்டும் வெச்சு கோர்ட் நிறுத்தாது.

எட்டு வழிச்சாலையை எடுத்துக்கோங்க. சேலத்துல இருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர், அஞ்சு மாவட்டம். 2019 ஏப்ரல் 8-ல ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு, ஊர் ஊரா வெடி போட்டாங்க. 2020 டிசம்பர் 8-ல சுப்ரீம் கோர்ட் 3ஏ அறிவிக்கை செல்லும்னு சொல்லிருச்சு, முன்கூட்டியே அரசு பேருக்கு மாத்தின பட்டாவை மட்டும் திருப்பி மாத்தச் சொல்லுச்சு. சட்டப்படி பார்த்தா விவசாயிங்க கடைசியில ஜெயிக்கல. ஆனா ரோடு வரல, ஏன்னா அந்த ரெண்டு வருஷம் மக்கள் விடாம நின்னாங்க, அரசியலும் மாறுச்சு. ரிட் வாங்கிக் கொடுக்கிறது பெரும்பாலும் காலத்தைத்தான், அந்தக் காலத்துல ஊர் என்ன பண்ணுதுங்கறதுதான் மிச்சம். பரந்தூர் ஏர்போர்ட்டை எதிர்த்து ஏகனாபுரத்துல 2022-ல இருந்து ஜனங்க உக்காந்திருக்குறதும் இதைத் தெரிஞ்சுதான்.

இதோட மறைமுக விலை பெருசு. கேஸ் நடக்குற வரைக்கும் நிலத்தை விக்க முடியாது, பேங்க் லோன் கிடைக்காது, போர் போடவும் தென்னை வைக்கவும் மனசு வராது. 2013 சட்டத்துல 11-ம் பிரிவு அறிவிக்கைக்குப் பிறகு கலெக்டர் அனுமதி இல்லாம கிரயமே பண்ணக்கூடாது. ரிட்டுக்கு நேரமும் உண்டு, அவார்டு போட்டு நிலத்தை எடுத்த பிறகு போனா "இவ்ளோ நாள் எங்க போனீங்க"ன்னு தள்ளிடுவாங்க. ரிட் போட்டிருக்கோமேன்னு கூடுதல் இழப்பீட்டு மனுவோட காலக்கெடுவை விட்டவங்களை நானே பார்த்திருக்கேன், ரெண்டும் போச்சுன்னு நிக்கிறாங்க. ரிட் நடக்கும்போதே அவார்டு வந்தா, அந்த மனுவையும் உரிமையை விட்டுக்கொடுக்காமன்னு எழுதி போட்டு வைக்கச் சொல்லி வக்கீல்கிட்ட கேளுங்க.

எப்போ இது சரி? நடைமுறையில ஓட்டை தெளிவா இருக்கணும், இன்னும் ஆரம்பக் கட்டமா இருக்கணும், ஊரே சேர்ந்து நிக்கணும், பணத்தால ஈடு பண்ண முடியாத ஒண்ணு போறதா இருக்கணும், ஏரி, குடியிருக்கிற மொத்த ஊர், கிராமத்துக்கே தண்ணி கொடுக்குற கிணறு மாதிரி. தனி ஒருத்தரோட அரை ஏக்கருக்காக, மத்தவங்க எல்லாம் எழுதிக் கொடுத்த பிறகு, இந்த வழி ரொம்பக் கஷ்டம்.

## பணத்தை வாங்காமலே இருந்தா?

"வாங்காதே, வாங்கலைன்னா கையகப்படுத்தல் காலாவதி ஆயிடும்"னு இன்னும் ஊர்ல சொல்றாங்க. 2020 மார்ச் 6-ல சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதி பெஞ்ச் இதை முடிச்சு வெச்சுருச்சு. பணத்தை வேண்டாம்னு மறுத்தவங்க அதையே காரணமா காட்டி காலாவதின்னு கேக்க முடியாது. நீங்க வாங்கலைன்னா அத்தாரிட்டியில இல்ல கோர்ட்ல கட்டிட்டு ஜேசிபியோட வருவாங்க. இது ஒரு வழியே இல்ல, அதனாலதான் இதை கணக்குல சேர்க்கல.

## மூணையும் பக்கத்துல வெச்சா

| | பேசி கிரயம் | ஆட்சேபணையோட வாங்கி கேஸ் | ரிட் |
|---|---|---|---|
| கைக்கு வர்ற தொகை | பேசினது மட்டும் | அவார்டு தொகை, ஜெயிச்சா கூடுதலும் வட்டியும் | ஜெயிச்சா நிலம், தோத்தா அவார்டு |
| எப்போ | சில மாசம் | மொதல் தொகை சீக்கிரம், மிச்சம் பல வருஷம் | சொல்ல முடியாது |
| பத்திரம் சுத்தம் இல்லைன்னா | நடக்காது | பங்குத் தகராறு தீரும் வரை தொகை டெபாசிட்ல இருக்கும் | போடலாம் |
| வெளிய தெரியாத செலவு | மறுவாழ்வு உதவி, 101-ம் பிரிவு, வரி | வக்கீல், மேல்முறையீட்டு ஃபீஸ், வட்டிக்கு வரி | முடங்கின நிலம், போன வருஷங்கள் |
| மூடுற கதவு | கூடுதல் கேக்குறது | நிலம் திரும்ப வர்றது | கவனிக்கலைன்னா கூடுதல் மனுவோட காலக்கெடு |

## அப்போ யாருக்கு எது

மேல சொன்ன நாலு குடும்பத்துல அந்த அம்மாவுக்கு ரெண்டாவது வழிதான்னு சந்தேகமே இல்லாம சொன்னேன், அவார்டு வந்தாச்சு, வழிகாட்டி மதிப்பை மட்டும் எடுத்திருக்காங்க, பக்கத்து ஊர்ல நல்ல விலைக்கு நாலு பத்திரம் இருக்கு. 3(2) நோட்டீஸ்காரருக்கு ரெண்டு ஏக்கர்ல எண்பது சென்ட் தவிர எல்லாம் போகுது, அந்த எண்பது சென்ட்டுக்கு பாதையும் இல்ல கிணறும் இல்ல. அவர் பேசி முடிக்கத்தான் விரும்புறாரு, சரின்னேன், ஆனா மிச்ச நிலத்தையும் சேர்த்து எடுத்துக்கணும், இல்ல துண்டு பட்டதுக்கு தனி நஷ்டஈடு கொடுக்கணும்னு எழுதிக் கொடுங்கன்னேன். நிலம் துண்டாகுற நஷ்டத்தைக் கணக்குல எடுக்கணும்னு 2013 சட்டத்தோட 28-ம் பிரிவே சொல்லுது. வீட்ல பாதியை மட்டும் இடிக்கப் போறாங்கன்னா முழு வீட்டையும் எடுங்கன்னு கேக்க 94-ம் பிரிவு இருக்கு.

என்எச்காரருக்கு 21 நாள்ல இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்துச்சு. வழியை அப்புறம் யோசிக்கலாம், ஆட்சேபணையை இன்னிக்கே எழுதுங்கன்னு உக்கார வெச்சு எழுத வெச்சோம். ஆட்சேபணை கொடுத்தா எந்தக் கதவும் மூடாது, கொடுக்காம விட்டா ரிட்டுக்கான அடிப்படையே போயிடும்.

நாலாவது குடும்பம் நிலக்காரங்க இல்ல. பதினஞ்சு வருஷமா அந்த நிலத்துல குத்தகைக்கு கத்திரியும் தக்காளியும் போட்டவங்க. ஊர்ல எல்லாரும் "உங்களுக்கு ஒண்ணும் வராது"ன்னு சொல்லிட்டாங்க. 2013 சட்டப்படி எடுத்தா அது உண்மை இல்ல. மூணு வருஷத்துக்கு மேல அந்த நிலத்தை நம்பிப் பிழைச்ச குத்தகைக்காரரும் கூலிக்காரரும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான், ரெண்டாவது அட்டவணையில வேலை இல்ல 5 லட்சம் ஒரே தடவை இல்ல மாசம் 2,000 வீதம் 20 வருஷம்னு வாழ்வாதார உதவி இருக்கு, குடிபெயர வேண்டி வந்தா ஒரு வருஷத்துக்கு மாசம் 3,000 பிழைப்புத் தொகையும் வண்டி வாடகைக்கு 50,000 ரூபாயும் இருக்கு. ஆனா கணக்கெடுப்புல பேர் இருந்தாதான் இதெல்லாம் வரும். அவங்ககிட்ட குத்தகைப் பத்திரம் கிடையாது, விஏஓ அடங்கல்லயும் பேர் இல்ல. கூட்டுறவு சொசைட்டியில உரம் வாங்கின பில்லு, மார்க்கெட்ல காய் போட்ட சீட்டு, நிலக்காரர் கைப்பட எழுதிக் கொடுத்த ஒரு கடிதம், இதையெல்லாம் ஒரு மஞ்சப்பையில போட்டுக்கிட்டு வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குப் போறாங்க, நானும் கூடப் போறேன்.